கழுத்தாக இருக்கலாம், தலையாக அல்ல

கல்யாணம் முடிந்த கையோடு ஊட்டிக்குப் போகிறவர்கள் உண்டு, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள் உண்டு. 1840-இல் எலிசபெத் கேடி ஸ்டான்டன் என்ற 24 வயது அமெரிக்கப் பெண் தேனிலவுக்குப் போனது லண்டனில் நடந்த உலக அடிமை ஒழிப்பு மாநாட்டுக்கு. இடத்தைத் தேர்வு செய்தவர் மாப்பிள்ளை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மாப்பிள்ளை ஹென்றி ஸ்டான்டனுக்கு வயது 34. உத்தியோகம், அடிமைமுறையை எதிர்த்து ஊர் ஊராக மேடையேறிப் பேசுவது. பெண்ணின் அப்பா டேனியல் கேடி நீதிபதி. பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால் பேசுகிறான் என்றும், அதில் என்ன வரும் என்று கேட்டால் அடி உதை வரும் என்றும் பதில் கிடைக்கிற சம்பந்தத்தை எந்த நீதிபதி ஒப்புக்கொள்வார்? நிச்சயம் ஒரு தடவை முறிந்தே போனது. பிறகு ஹென்றி கடல் தாண்டிப் போகிறார், வர மாதக்கணக்கில் ஆகும் என்று தெரிந்ததும் எலிசபெத்துக்கு மனம் கேட்கவில்லை. அவசர அவசரமாக மே 1-ஆம் தேதி கல்யாணம். அன்று வெள்ளிக்கிழமை. நமக்கு வெள்ளி என்றால் மங்களகரம், அவர்களுக்கு ஆகாத நாள். போதாததற்கு, உறுதிமொழியில் மனைவி கணவனுக்குக் ‘கீழ்ப்படிவேன்’ என்று சொல்கிற இடத்தை வெட்டிவிடச் சொன்னார் மணப்பெண். பாதிரியார் மென்று விழுங்கிச் சம்மதித்தார். சமமாக வாழப்போகிறோம் என்று சொல்லிக் கட்டிக்கொண்ட ஒருவருக்குப் போய் எப்படிக் கீழ்ப்படிவது என்பது அவருடைய வாதம். நியாயம்தான். அந்த நியாயம் கப்பலேறிய பிறகு என்ன பாடுபட்டது என்பதுதான் கதை.

கப்பலின் பெயர் மான்ட்ரியல். அதில் கூடவே வந்தவர் ஜேம்ஸ் பர்னி. தெற்கே அடிமைகளை வைத்திருந்து, பிறகு மனம் மாறி விடுவித்தவர், அந்த வகையில் உண்மையான பெரிய மனிதர். அந்த வருஷம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் லிபர்டி கட்சியின் வேட்பாளரும் அவர்தான். தேர்தல் வருஷத்தில் வேட்பாளருக்குக் கப்பலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அவர் தொகுதியைச் சுற்றுவதை விட்டுவிட்டு லண்டனைச் சுற்றினார். கடைசியில் நாடு முழுக்க விழுந்த வாக்கு ஏறத்தாழ 7,000.

அந்த வேட்பாளர் பிரசாரத்துக்குப் பதிலாக நடுக்கடலில் எடுத்துக்கொண்ட பணி, புதுப்பெண்ணைத் திருத்துவது. சாப்பாட்டு மேசையில் அவள் வாயடிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இப்படியே லண்டனில் போய் இறங்கினால் இயக்கத்தின் மானம் என்ன ஆகும்? மாலை நேரத்தில் இருவரும் சதுரங்கம் ஆடுவார்கள். ஒரு நாள் எலிசபெத் தானே வாயைக் கொடுத்து, இன்றைக்கு என்னிடம் என்ன குற்றம் கண்டீர்கள் என்று கேட்டார். பர்னியிடம் பட்டியல் தயாராக இருந்தது. முதல் குற்றம்: மாலுமிகளை விட்டுத் தன்னை நாற்காலியோடு கட்டிப் பாய்மர உச்சிக்கு ஏற்றச் சொன்னது. குடும்பப் பெண் செய்கிற காரியமா? இரண்டாவது: அந்நியர்கள் காதில் விழும்படி கணவரை ‘ஹென்றி’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ‘மிஸ்டர் ஸ்டான்டன்’ என்றல்லவா சொல்ல வேண்டும்! மூன்றாவது: இந்த ஆட்டத்திலேயே மூன்று நகர்த்தலைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

இரண்டாவது குற்றம் நம் பாட்டிமார்களுக்கு உடனே புரியும். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று ‘இஞ்சருங்க’, ‘ஏனுங்க’ என்றே அறுபதாம் கல்யாணம் வரை ஓட்டியவர்கள் அவர்கள். நீராவி எஞ்சின் ஓட்டிய நாட்டவர்களும் அதே இடத்தில்தான் நின்றார்கள் என்பதில் ஒரு ஆறுதல். அடிமைச் சங்கிலியை உடைக்கப் போகிற தலைவர், போகிற வழியில் ஒரு பெண்ணின் நாக்குக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு போனார். எலிசபெத் அசரவில்லை. ஒரே நாளில் இத்தனை பெரிய பட்டியல் சேர்ந்தால் வாத்தியாருக்கு என்மேல் நம்பிக்கையே போய்விடுமே என்று சிரித்துவிட்டு அடுத்த காயை நகர்த்தினார்.

இங்கே ஒரு கோஷ்டிப் பூசலைச் சொல்லியாக வேண்டும். கோஷ்டி என்றால் தமிழ் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாது. மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு, அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் நியூயார்க்கில் இரண்டாக உடைந்திருந்தது. ஏபி கெல்லி என்ற பெண்ணைச் செயற்குழு ஒன்றில் போட்டார்கள். பெண்ணோடு ஒரே கமிட்டியில் உட்கார்வதா என்று ஒரு கூட்டம் எழுந்து போய்த் தனிச் சங்கம் கண்டது. உட்காரலாம் என்றவர்களுக்குத் தலைவர் வில்லியம் லாயிட் காரிசன். மற்ற கோஷ்டியில் பர்னி இருந்தார், நம் ஹென்றியும் இருந்தார். ஆக, ‘கீழ்ப்படிவேன்’ சொல்லாத பெண் வாழ்க்கைப்பட்டது எதிர்க் கோஷ்டியில்.

லண்டன் கமிட்டி அனுப்பிய முதல் அழைப்பு, அடிமைகளின் நண்பர்கள் எந்த நாட்டவரானாலும் வரலாம் என்று தாராளமாக இருந்தது. அமெரிக்கப் பெண்கள் சங்கங்கள் அதை அப்படியே நம்பி, லுக்ரீஷியா மாட், மேரி க்ரூ, சாரா பியூ, ஆன் கிரீன் பிலிப்ஸ் என்று பேராளர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டன. செய்தி லண்டனுக்குப் போனதும் கமிட்டிக்கு வியர்த்தது. இரண்டாவது சுற்றறிக்கையில், வரவேண்டியவர்கள் ‘கனவான்கள்’ என்று திருத்தினார்கள். பெண்கள் அதையும் படித்தார்கள். படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டினார்கள்.

எல்லோரும் வந்து இறங்கியது லண்டன் சீப்சைட் பகுதியில், குயீன் தெருவில் இருந்த ஒரு விடுதியில். இரண்டு கோஷ்டிக்கும் ஒரே சாப்பாட்டு மேசை. விடுதிக்காரர் என்ன பாவம் செய்தாரோ! பாஸ்டனிலிருந்து வந்திருந்த பாப்டிஸ்ட் போதகர் நதானியேல் கோல்வர் தினமும் காலையில் ஒரு பெரிய கிண்ணத்தில் ஆறு முட்டையை உடைத்து ஊற்றி, நன்றாக அடித்து, எல்லோர் முன்னாலும் உள்ளே தள்ளுவார். பார்த்தவர்களுக்குக் குமட்டும். அந்தப் பலத்தோடுதான் அவர் பெண்கள் உடலமைப்பிலேயே பொதுக்கூட்டத்துக்கு லாயக்கற்றவர்கள் என்று அறிவித்தார். கறுப்பர்களும் வெள்ளையர்களோடு பழக உடலமைப்பிலேயே லாயக்கற்றவர்கள் என்றுதானே அடிமை வைத்திருப்பவர்கள் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. கோல்வர் கோபித்துக்கொண்டு அறையை விட்டு வெளியேறினார். ஆறு முட்டையாலும் அந்தப் பதிலைத் தாங்க முடியவில்லை.

சண்டையின் நடுநாயகம் லுக்ரீஷியா மாட். பிலடெல்பியாக்காரர், வயது 47, சிறிய உருவம், வெள்ளைக் குல்லா, மெல்லிய குரல். குவேக்கர் சமயத்தில் ஹிக்ஸைட் என்ற பிரிவைச் சேர்ந்தவர். இங்கிலாந்து குவேக்கர்களுக்கோ அந்தப் பிரிவு என்றாலே ஆகாது. நம்மூர் வடகலை, தென்கலை வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள், யானைக்கு நாமம் போடுவது மட்டும்தான் பாக்கி. ஒரு குவேக்கர் செல்வந்தர் வீட்டு விருந்தில் சிறைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற எலிசபெத் ஃப்ரை செய்ததை நம் புதுப்பெண் கவனித்துக் குறித்து வைத்திருக்கிறார். லுக்ரீஷியா புல்வெளியில் பேசிக்கொண்டிருந்தால் ஃப்ரை அம்மையார் வீட்டுக்குள் போய்விடுவாராம். லுக்ரீஷியா வீட்டுக்குள் வந்தால் அவர் புல்வெளிக்கு வந்துவிடுவாராம். நியூகேட் சிறையில் கொலைக் குற்றவாளிகளோடு உட்கார்ந்து பைபிள் வாசித்த அம்மையார் அவர். கொலைகாரி பரவாயில்லை, மாற்றுப் பிரிவுக்காரிதான் ஆகாது.

லுக்ரீஷியாவைப் பற்றி ஹென்றியின் கோஷ்டி எலிசபெத்துக்கு முன்கூட்டியே பயம் காட்டி வைத்திருந்தது. விடுதியில் முதல் நாள் சாப்பாட்டில் போதகர்கள் ஆள்மாற்றி ஆள் குத்திப் பேச, அந்தச் சின்ன உருவம் குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி எல்லோர் வாயையும் அடைத்ததைப் பார்த்ததும் பயம் பறந்துவிட்டது. எலிசபெத் வெளிப்படையாகவே கட்சி மாறினார். பர்னி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அமைதியான வேறு இடம் தேடிப் போய்விட்டார்.

ஜூன் 12, வெள்ளிக்கிழமை. மறுபடியும் வெள்ளி! கிரேட் குயீன் தெருவில் ஃப்ரீமேசன்ஸ் மண்டபம். பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத ஒரு ரகசிய சங்கத்தின் மண்டபத்தை எல்லா மனிதரும் சமம் என்று சொல்லப் பிடித்திருந்தார்கள். தலைமை, அடிமை வியாபாரத்துக்கு எதிராக ஐம்பது வருஷத்துக்கு மேல் உழைத்த தாமஸ் கிளார்க்சன், வயது 80. அவரை அழைத்து வந்து உட்கார வைத்தாயிற்று. அடிமைமுறையைப் பற்றிப் பேச வேண்டியதுதான் பாக்கி.

பேசவில்லை. பெண்களை உட்கார வைப்பதா வேண்டாமா என்பதிலேயே நாளின் பெரும்பகுதி போனது.

வெண்டல் பிலிப்ஸ் என்ற இளம் பாஸ்டன் வக்கீல் எழுந்து, எந்த அடிமை ஒழிப்புச் சங்கத்தின் சான்றோடு வந்தவரானாலும் பேராளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர் மனைவி ஆன், சான்றோடு வந்த பேராளர்களில் ஒருவர். உள்ளே போகும்போதே, வழவழா கொழகொழா பேச்செல்லாம் வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். உடனே பிடித்துக்கொண்டது. ஜான் பர்னட் என்ற போதகர், அமெரிக்கச் சகோதரிகள் ஆங்கிலேய வழக்கத்துக்குத் தயவுசெய்து இணங்க வேண்டும் என்று உருகினார். பல நூற்றாண்டு வழக்கமான அடிமைமுறையை ஒழிக்க வந்த சபையில் ‘வழக்கம்’ என்ற வார்த்தையை இவ்வளவு பயபக்தியோடு உச்சரித்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். கிளாஸ்கோவின் ஹார்வி என்ற போதகருக்கோ, பெண்கள் பக்கம் வாக்களித்தால் கடவுள் வார்த்தைக்கே விரோதமாகிவிடும், மனசாட்சி இடம் தராது. பிலடெல்பியாவின் ஹென்றி க்ரூவும் எதிர்த்தார். அவர் பேராளர் மேரி க்ரூவின் சொந்த அப்பா. ஒரே கப்பலில் வந்தவர்கள். திரும்பும் பயணத்தில் என்ன பேசிக்கொண்டார்களோ.

எல்லோருக்கும் கைகொடுத்தவர் விக்டோரியா ராணி. அவருக்கு அப்போது வயது 21, எலிசபெத்தைவிடச் சின்னவர். டாக்டர் பவுரிங் எழுந்து, இந்த நாட்டை ஆள்வதே ஒரு பெண்தானே, அப்புறம் என்ன தயக்கம் என்றார். நல்ல வாதம் என்று நினைப்பீர்கள். நியூயார்க்கின் கலூஷா என்ற போதகர் அதே ராணியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சில நாள் முன்பு நடந்த இன்னொரு அடிமை எதிர்ப்புக் கூட்டத்துக்கு ராணி தானே வந்தாரா? இல்லையே, வீட்டுக்காரர் ஆல்பர்ட்டை அல்லவா தலைமை தாங்க அனுப்பினார்! ஆகவே பெண் கழுத்தாக இருந்து தலையைச் சரியான பக்கம் திருப்பட்டும், தலையின் இடத்துக்கு மட்டும் ஆசைப்பட வேண்டாம் என்று முடித்தார். ஒரு பேரரசையே ஆண்ட ஒருத்தி, அன்று அந்த மண்டபத்தில் வெறும் கழுத்தாகிப் போனாள்.

ஆதரித்தவர்களில் நம் கவனத்துக்குரியவர் பேராசிரியர் வில்லியம் ஆடம். கல்கத்தாவில் ராம்மோகன் ராயோடு பழகியவர், வங்காளத்தின் பள்ளிகளைப் பற்றி அறிக்கை எழுதியவர், அப்போது மாசசூசெட்ஸ் பேராளர். பெண்களுக்குச் சான்று கொடுத்த அதே இடம்தான் எனக்கும் கொடுத்தது, அவர்கள் சான்று செல்லாது என்றால் என் சான்றும் செல்லாது என்றார். இவர் இந்தியாவின் அடிமைமுறை பற்றியும் 1840-இல் புத்தகம் போட்டவர். 1833-இல் பிரிட்டன் அடிமைமுறையை ஒழித்ததாகப் பள்ளியில் படிக்கிறோமே, அந்தச் சட்டத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கும் இலங்கைக்கும் விலக்கு இருந்தது. ஆளோலை எழுதி மனிதரை விற்ற ஊர்களுக்கு அந்தப் புண்ணியம் வந்துசேரவில்லை. இந்தியாவில் சட்டம் வர 1843 ஆயிற்று. நம்மை வெளியில் நிறுத்திய கணக்கும் அதே நாட்டில்தான் போடப்பட்டது, அதற்கும் வழக்கம் என்றுதான் பெயர்.

எலிசபெத்தின் நினைவுக்குறிப்பை நம்பினால், ஹென்றியும் பெண்களுக்கு ஆதரவாக அருமையாகப் பேசினார். கோஷ்டியை நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகம் வருகிறது. கல்யாணமாகி ஆறே வாரம் ஆன மனைவி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மனிதர் வேறு எப்படித்தான் பேசுவார் என்று நினைத்தால் சந்தேகம் தீர்கிறது.

வாக்கெடுப்பில் தீர்மானம் படுதோல்வி. பெண்கள் தடுப்புக்குப் பின்னால், திரைபோட்ட ஓரத்தில் உட்கார்ந்து கேட்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. எலிசபெத்துக்கு இந்தத் தோல்வி சட்டப்படி பொருந்தவே பொருந்தாது. அவர் பேராளர் இல்லை, பேராளரின் மனைவி. சான்றே இல்லாதவரிடமிருந்து எதைப் பறிப்பது? ஆனாலும் அத்தனை பேரிலும் அதிகமாகக் கொதித்தவர் அவர்தான். அதைவிட எரிச்சலானது அடுத்து நடந்தது. தோற்ற தரப்புக்கு மனவருத்தம் ஒன்றும் இருக்காதே என்று மேடையிலிருந்து கனிவாக விசாரித்தார்கள். காலையெல்லாம் சிங்கமாகக் கர்ஜித்த வெண்டல் பிலிப்ஸ் எழுந்து, வருத்தமெல்லாம் இல்லை, பெண்கள் திரைக்குப் பின்னாலிருந்தும் அதே ஈடுபாட்டோடு கவனிப்பார்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வழவழா கொழகொழா கடைசி நிமிஷத்தில் வந்தேவிட்டது. பல வருஷம் கழித்துப் பெண்ணுரிமை வரலாறு எழுதும்போதும் எலிசபெத்தும் தோழிகளும் அந்த ஒரு வாக்கியத்தை மன்னிக்கவில்லை. வெளியே தள்ளப்பட்டவர்கள் ஆண்களாக இருந்திருந்தால் வருத்தமில்லை என்று சொல்லியிருப்பாரா என்று கேட்டுவைத்தார்கள்.

மாநாடு பாதி ஓடியபின் காரிசன் வந்து சேர்ந்தார். கப்பல் தாமதம். கூட சார்லஸ் லெனாக்ஸ் ரேமண்ட் என்ற கறுப்பினப் பேச்சாளர். ரேமண்டின் பயணச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்ததே பெண்கள் சங்கங்கள்தான், அதில் ஒன்று தையல் வட்டம். டிக்கெட் வாங்கிக் கொடுத்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு நாம் மட்டும் உள்ளே போவதா என்று ரேமண்டும் காரிசனும் மேலே பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கீழே தலைவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். காரிசன் இறங்கவில்லை. அமெரிக்காவிலேயே பெரிய வாய்க்காரர் லண்டன் வரை வந்து மாநாடு முழுக்க மௌனம் அனுஷ்டித்தது அந்த மண்டபத்துக்கே கிடைத்த பாக்கியம்.

மாநாட்டைப் பெரிய ஓவியமாகத் தீட்டும் வேலை பெஞ்சமின் ஹேடன் என்ற ஓவியருக்குக் கிடைத்தது. நூறு முகங்களுக்கு மேல். மனிதர் குறும்புக்காரர். படம் வரைய உட்கார்கிறவர்களிடம், உங்கள் பக்கத்தில் ஒரு கறுப்பரை வரையலாமா என்று கேட்டு ஆழம் பார்த்தார். சமத்துவம் பேச வந்த சிலர் நெளிந்தார்கள், காரிசன் தேறினார். இவ்வளவு கூர்மையான ஹேடன், லுக்ரீஷியாவை முன்வரிசையில் வரைவதாக இருந்தவர், பேச்சுக்கொடுத்துப் பார்த்ததில் அம்மாவின் மதக்கருத்து சரியில்லை என்று தெரிந்ததும், இது குறுகிய புத்தியாகவே இருந்தாலும் இருக்கட்டும் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்துவிட்டு, அவரைப் பின்னால் தள்ளினார். அந்தப் படம் இன்றும் லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. லுக்ரீஷியாவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எலிசபெத்துக்கு இந்த மாநாட்டில் கிடைத்த லாபம், செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாதது. தீர்மானம் எழுத வேண்டாம், நன்றியுரை கேட்க வேண்டாம். பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கூட்டமாகப் போனார்கள். கால் வலிக்கிறது என்று லுக்ரீஷியா வாசலருகிலேயே உட்கார, துணைக்கு எலிசபெத்தும் உட்கார்ந்தார். மற்றவர்கள் எகிப்து, கிரேக்கம் எல்லாம் பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வந்தபோதும் இருவரும் அதே இடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மேடையேறிப் பேசி எலிசபெத் முதன்முதலில் கேட்டதும் அந்தப் பயணத்தில்தான், லண்டன் தேவாலயம் ஒன்றில் லுக்ரீஷியாவின் பிரசங்கம். அமெரிக்கா திரும்பியதும் பெண்களுக்கென்றே ஒரு மாநாடு கூட்ட வேண்டும் என்று கிரேட் குயீன் தெருவில் கைகோத்து நடந்தபோதே முடிவு செய்ததாக எலிசபெத் சொல்வார். அது மறுவருஷம் பாஸ்டனில் பேசியது என்பது லுக்ரீஷியாவின் ஞாபகம். லண்டன் கதைதான் நிலைத்தது, காரணம் வரலாற்றை எழுதியது எலிசபெத்.

திரும்பியதும் கூட்டவில்லை. பிள்ளை, வீடு, சமையல் என்று எட்டு வருஷம் ஓடியது. 1848 ஜூலை 19, நியூயார்க் மாகாணத்தின் செனகா ஃபால்ஸ், வெஸ்லியன் தேவாலயம். போனால் கதவு பூட்டியிருந்தது. ஒரு பையனை ஜன்னல் வழியாக ஏற்றி உள்ளிருந்து திறந்தார்கள். முதல் நாள் பெண்களுக்கு மட்டும் என்று அறிவித்திருந்தும் ஆண்கள் வந்து நின்றார்கள். சரி உட்காருங்கள், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. லண்டன் கணக்கு ஓரளவு நேர். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்ற எலிசபெத்தின் தீர்மானத்தைக் கேட்டு லுக்ரீஷியாவே, ஊர் சிரிக்கும் லிஸ்ஸி என்று கவலைப்பட்டார். ஹென்றி ஊரிலேயே இல்லை. தூக்கிப் பிடித்தவர் அடிமையாகப் பிறந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ். அதே எலிசபெத் இருபது வருஷம் கழித்து, கறுப்பின ஆண்களுக்கு முதலில் ஓட்டு என்றபோது அவர்களை இழிவாகப் பேசினார், எழுதினார். டக்ளஸுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளாமல் இந்தக் கதையைச் சொல்வது சரியாகாது.

இரண்டாம் நாள் தலைமை நாற்காலியில் உட்கார ஒரு பெண்ணுக்கும் துணிச்சல் வரவில்லை. லுக்ரீஷியாவின் வீட்டுக்காரர் ஜேம்ஸ் மாட் உட்கார்ந்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 2-ஆம் தேதி ரோச்செஸ்டரில் அடுத்த கூட்டம். உள்ளூர்ப் பெண்கள் அபிகெயில் புஷ் என்ற பெண்மணியைத் தலைவராக முன்மொழிந்தார்கள். பெண் தலைமை தாங்குவதா, இதெல்லாம் விஷப்பரீட்சை என்று கடுமையாக ஆட்சேபித்து, மேடையை விட்டே இறங்கப் பார்த்தவர்களில் இரண்டு பேர்: லுக்ரீஷியா மாட், எலிசபெத் கேடி ஸ்டான்டன். அபிகெயில் புஷ் நாற்காலியில் போய் உட்கார்ந்து கூட்டத்தை நடத்தி முடித்தார். எலிசபெத் மறுமாதம் மன்னிப்புக் கடிதம் எழுதினார்.